காலி மனையில் முளைத்த பருப்புக்கீரையைச் சமைக்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில், மழைக்குப் பின் பருப்புக்கீரையும் மூக்கிரட்டையும் தாமாக மண்டிக் கிடக்கின்றன. அவற்றைச் சமைக்கலாமா, அல்லது எங்கள் குடியிருப்புக்கு வந்துபோகும் முகவரிடம் மூலிகைக் கீரைப் பொடி வாங்கலாமா? கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. முன்பு சிறுநீரகக் கல்லும் வந்திருக்கிறது.

பதில்: கீரையைச் சமைக்கலாம், ஆனால் அந்த மனையில் பறித்ததை வேண்டாம். நம் நகரத்துக் காலி மனைகளில் கட்டட இடிபாடும் கழிவுநீரும் சேராத இடம் அரிது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கீரை உறிஞ்சிவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் அவை நீங்கா. பருப்புக்கீரையின் தண்டைக் கிள்ளி நல்ல மண் நிரப்பிய தொட்டியில் நட்டால் எளிதில் வேர் பிடிக்கும். அதில் புதிதாகத் துளிர்ப்பதைப் பறித்துக்கொள்ளுங்கள். நடுவதற்கு முன் தண்டை ஒடித்துப் பாருங்கள். பால் வடிந்தால் அது பருப்புக்கீரை அன்று.

100 கிராம் பச்சைப் பருப்புக்கீரையில் ஏறத்தாழ 300 முதல் 400 மில்லிகிராம் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. கீரைகளில் இது கணிசமான அளவுதான் என்றாலும், மீனில் உள்ள வகை இதுவன்று. உடல் இதில் சிறு பங்கையே அவ்வகையாக மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை மாத்திரைக்கும் இது மாற்றாகாது.

தங்கள் கணவர் வகையில் கவனிக்க வேண்டியது, செடிகளில் இயல்பாகவே இருக்கும் ஆக்சலேட் என்னும் உப்பு. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. பருப்புக்கீரையிலோ ஆக்சலேட் மிகுதி. அவருக்கு வந்த கல் எந்த வகை என்பதைப் பழைய பரிசோதனைச் சீட்டில் பாருங்கள். அந்த வகைதான் என்றால், அல்லது தெரியவில்லை என்றாலும், கீரையை நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். ஆக்சலேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். அதே வேளை உணவில் தயிரும் இருக்கட்டும். தயிரின் கால்சியம் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதால் சிறுநீரகத்துக்குப் போவது குறையும். அப்போதும் எப்போதாவது ஒரு கரண்டி போதும். காலையில் வெறும் வயிற்றில் பச்சைக் கீரைச் சாறு குடிக்கும் வழக்கம் அவருக்கு அறவே கூடாது.

இனி அந்தப் பொடி. இலையாக இருந்தால் இன்ன செடி என்று கண்டு சொல்லலாம். அரைத்தபின் யார் சொல்வது? மூக்கிரட்டை என்ற பெயரில் சாரணை என்னும் வேறொரு செடியைக் கலப்பது பழைய வழக்கம். பொட்டலத்தின் மேலுள்ள 14 இலக்க உணவு உரிம எண்ணைக் காட்டி, அரசே சோதித்துச் சான்று தந்ததுபோல் முகவர்கள் பேசுவார்கள். அந்த எண் விற்பவருக்குரிய அடையாளமே தவிர, உள்ளே இருக்கும் செடிக்கான நற்சான்று அன்று. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. எனினும் புகார் கொடுக்கப் போனால், இது மருந்து என்று உணவுத் துறையும், இது உணவு என்று மருந்துத் துறையும் ஆளை அலைக்கழிப்பதைப் பார்த்துச் சலித்துவிட்டது. அதற்குள் முகவர் அடுத்த குடியிருப்புக்குப் போயிருப்பார். ஆகவே முதலிலேயே வாங்காதீர்கள்.

மூக்கிரட்டையை மருந்தாகவே எடுத்துக்கொள்ள விரும்பினால், தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் புறநோயாளிகள் பிரிவுக்குக் கணவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.