தினசரி கோடிங் புதிர்களை ஸ்க்ராட்ச் போன்ற பிளாக் மொழியில் தீர்க்க முடியுமா? அதனால் பயன் உண்டா?

முடியும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், பிளாக்குகளை இழுத்து ஒட்டி ப்ரோகிராம் எழுதும் மொழிதான் ஸ்க்ராட்ச். ஒரு டிசம்பர் முழுக்க அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். முழுக்க என்பது கொஞ்சம் மிகை, பாதியில் ஸ்நாப் என்ற இன்னொரு பிளாக் மொழிக்கு மாறிவிட்டேன். அந்தக் கதை கீழே.

முதலில், எல்லாத் தளத்திலும் இது நடக்காது. கோடை வாங்கி அவர்களே ஓட்டிப் பார்க்கும் தளங்களில் பிளாக்குக்கு இடமில்லை. எரிக் வாஸ்டல் 2015 முதல் நடத்தும் அட்வென்ட் ஆஃப் கோட் என்ற டிசம்பர் புதிர்த் தளம் அப்படியல்ல. உள்ளீடு ஒரு டெக்ஸ்ட் கோப்பு, நாம் திருப்பித் தருவது பெரும்பாலும் ஒரே ஒரு எண். அதைப் பைத்தானில் கண்டுபிடித்தீர்களா, பேப்பரில் போட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. டிசம்பர் 1இல் தொடங்கி 25 நாள் ஓடிக்கொண்டிருந்தது, 2025இல் 12 நாளாகக் குறைத்துவிட்டார்கள். பிளாக் ஆசாமிகளுக்கு அது நல்ல செய்திதான்.

உள்ளீட்டை ஏற்றுவது சுலபம். ஒரு லிஸ்ட் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) உருவாக்கி, மேடையில், அதாவது ப்ரோகிராம் ஓடும் திரையில், தெரியும் அதன் பெட்டியின் மேல் ரைட் கிளிக் செய்தால் இம்போர்ட் வரும். கோப்பின் ஒவ்வொரு வரியும் லிஸ்டில் ஒரு உருப்படியாகிவிடும். இது தெரியாமல் முதல் நாள் ஒவ்வொரு வரியாகக் கையால் ஒட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என்னை நன்றாக மாட்டவைத்தது 2022இன் மூன்றாம் நாள் புதிர். ஒவ்வொரு வரியும் எழுத்துகளின் சரம். அதை இரண்டாக வெட்டி, இரு பாதியிலும் உள்ள பொது எழுத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சிறிய எழுத்து a முதல் z வரை 1 முதல் 26 மதிப்பெண், பெரிய எழுத்துக்கு 27 முதல் 52. எல்லாவற்றையும் கூட்டினால் விடை. புதிரோடு தரும் மாதிரிக்கு 157 வர வேண்டும். எனக்கு 106 வந்தது. லூப்பைப் பார்த்தேன், வெட்டும் இடத்தைப் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் பார்த்தால் குற்றவாளி அந்தப் பச்சை நிற '=' பிளாக். ஸ்க்ராட்ச்சுக்கு 'a'வும் 'A'யும் ஒன்றுதான்! மாதிரியின் இரண்டாம் வரியில் L-ஐப் பிடிக்க வேண்டியது, முன்னால் இருந்த R-ஐ அடுத்த பாதியின் r-உடன் ஜோடி சேர்த்துவிட்டது. மதிப்பெண்ணும் பெரிய எழுத்துக்குச் சிறிய எழுத்துடையதே கிடைத்தது.

இதற்கு ஸ்க்ராட்ச் ஆட்களிடம் ஒரு பழைய தந்திரம் உண்டு. திரையில் தெரியும் உருவம் ஸ்ப்ரைட், அது போட்டுக்கொள்ளும் படங்கள் காஸ்ட்யூம்கள். அந்தக் காஸ்ட்யூம் பெயர்களில் மட்டும் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படும். ஆகவே ஸ்ப்ரைட்டுக்கு 52 வெற்றுக் காஸ்ட்யூம்கள் போட்டு, a முதல் z, பிறகு A முதல் Z என்று பெயர் வைத்தேன். எழுத்தைக் கொடுத்து காஸ்ட்யூமை மாற்றினால், காஸ்ட்யூம் எண்தான் மதிப்பெண்! எழுத்துகளுக்குப் பதில் அந்த எண்களையே ஒப்பிட்டேன், 157 வந்தது. அந்தச் சந்தோஷம் பைத்தானில் கிடைத்திருக்காது.

ஆனால் காஸ்ட்யூம் மாறும்போதெல்லாம் திரை புதுப்பிக்கப்படும், அதுவும் நொடிக்கு 30 முறைதான். ஒரு வரிக்கே கிட்டத்தட்ட ஒரு நொடி, உள்ளீடோ 300 வரி. வேலையை நானே உருவாக்கிய ஒரு சொந்த பிளாக்குக்குள் வைத்து, 'திரையைப் புதுப்பிக்காமல் ஓட்டு' என்ற கட்டத்தை டிக் செய்ததும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. வேகம் போதாது என்று தோன்றினால் டர்போவார்ப் இருக்கிறது. அதே ப்ராஜெக்டை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றி ஓட்டும்.

அப்புறம் வரிசை, நெடுவரிசையாகக் கட்டங்கள் வரும் புதிர்கள். லிஸ்டுக்குள் லிஸ்ட் கிடையாது, எனவே எல்லாவற்றையும் ஒரே நீளமான லிஸ்டில் போட்டு, (வரிசை − 1) × அகலம் + நெடுவரிசை என்று இடத்தைக் கணக்கிட வேண்டும். லிஸ்டின் உச்சவரம்பு 2,00,000 உருப்படிகள். 500க்கு 500 கட்டம் போட்டால் மீதி 50,000 சத்தமில்லாமல் காணாமல் போகும், பிழைச் செய்தி எதுவும் வராது.

ஸ்க்ராட்ச்சை நான் கைவிட்டது ரிகர்ஷனில், அதாவது ஒரு பிளாக் தன்னையே மறுபடி அழைக்கும் இடத்தில். சொந்த பிளாக் விடையைத் திருப்பித் தராது, அதற்குள் தனி வேரியபிளும் இல்லை. உள்ளே போய் வருவதற்குள் வெளியே இருந்த மதிப்பு அழிந்திருக்கும். ஒரு லிஸ்டை அடுக்காக வைத்துச் சமாளிக்கலாம், இரண்டு இரவு சமாளித்தேன். பெர்க்லியில் பிறந்த ஸ்நாப்பில் இந்தத் தலைவலி இல்லை. லிஸ்டுக்குள் லிஸ்ட், விடை தரும் பிளாக், லிஸ்டின் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரே வேலையைச் செய்யும் மேப் எல்லாம் உண்டு. பார்க்க ஸ்க்ராட்ச் போலவே இருந்தாலும் உள்ளே முழு மொழி.

பயன் என்று கேட்டால், வேகமாகத் தீர்க்க இது உதவாது. எனக்கு மாறியது ஒரு பழக்கம். பிளாக்கை இழுத்து வைப்பது அலுப்பான வேலை என்பதால், தரவை எப்படி அடுக்குவது என்று முதலில் தாளில் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். பைத்தானில் அதைச் செய்ததே இல்லை.

உங்கள் தீர்வை ஸ்க்ராட்ச்சில் பொதுவில் பகிர்வதானால், முன்பு லிஸ்டைக் காலி செய்துவிடுங்கள். லிஸ்டில் உள்ளதும் ப்ராஜெக்டோடு சேர்ந்தே சேமிக்கப்படும், உள்ளீட்டை வெளியிட வேண்டாம் என்று அட்வென்ட் ஆஃப் கோட் கேட்டுக்கொண்டிருக்கிறது.