கடனைக் கட்டித் தருகிறோம் என்று அழைக்கும் வேலையில் சேரலாமா?

கேள்வி: பி.இ. சிவில் முடித்துவிட்டு, திருவனந்தபுரத்தில் ஒரு கட்டுமான ஆலோசனை நிறுவனத்தில் மாதம் 22,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறேன். தினமும் குழித்துறையிலிருந்து ரயிலில் போய் வருகிறேன். அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. ஆண்டுக்கு 90,000 வீதம் வாங்கிய 3,60,000 ரூபாய் கல்விக்கடன், 10 சதவீத வட்டியில் 4,86,000 ஆகிவிட்டதாக வங்கிக் கடிதம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன், அங்கே அரசு வேலையில் சேரும் பொறியாளர்களின் படிப்புக் கடனை அரசே அடைப்பதாகச் சொல்கிறார். இங்கேயும் ஆள்சேர்ப்பு நிறுவனம் ஒன்று, அரசுத் திட்டத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தால் கடனைக் கட்டித் தருகிறோம், 3 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அசல் சான்றிதழ்களைக் கொடுங்கள் என்கிறது. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கும் படித்து வருகிறேன். இதில் சேரலாமா? நம் அரசும் இப்படி ஒரு திட்டத்தைக் கொண்டுவரக் கூடாதா?
வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, அசல் சான்றிதழைக் கேட்கும் இடத்தில் சேர வேண்டாம். நாளை டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைத்தால், நீங்கள் அந்த நிறுவனத்தின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கும். மற்றவற்றைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

உங்கள் அண்ணன் சொல்வது பொய்யல்ல; ஆனால் அவர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அமெரிக்க மத்திய அரசில், ஆள் கிடைக்காத பணிகளுக்கு ஆளைச் சேர்க்கவும், இருப்பவர் தனியார் பக்கம் போய்விடாமல் தடுக்கவும், ஒவ்வொரு துறையும் தன் விருப்பப்படி ஊழியரின் கல்விக்கடனில் ஒரு பகுதியை அடைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 10,000 டாலர், மொத்தம் 60,000 டாலர் என்பது அதன் உச்சவரம்பு. அதற்குக் குறைந்தது 3 ஆண்டுகள் பணியாற்றுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும்; இடையில் தானாக விலகினால், பெற்ற தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். பணம் ஊழியரின் கைக்கு வராமல் கடன் கொடுத்தவருக்கே போகிறது, ஆனாலும் அது சம்பளமாகக் கருதப்பட்டு வரி பிடிக்கப்படுகிறது. இது தவிர 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இன்னொரு திட்டமும் உண்டு: அரசு அல்லது பொதுநலப் பணியில் இருந்தபடியே 120 மாதத் தவணைகளை முறையாகக் கட்டியவருக்கு மீதிக் கடன் தள்ளுபடியாகும். உங்கள் அண்ணன் இரண்டையும் சேர்த்துக் குழப்பியிருக்கலாம். இரண்டுமே அந்நாட்டு அரசின் கல்விக்கடன்களுக்கு உரியவை. மார்த்தாண்டத்துக் கிளையில் நீங்கள் வாங்கிய கடன் அவற்றுக்குள் வராது.

டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிப் பொறியாளராகச் சேருபவருக்குக் கடனை அடைத்துத் தரும் ஏற்பாடு தமிழகத்தில் இல்லை. அந்தப் பணியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 37,700 ரூபாய். அதன் மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் சேரும். உங்கள் தவணையைக் கட்ட அந்தச் சம்பளமே போதும். தேர்வை எழுதுங்கள், ஆனால் கடனுக்காக எழுதாதீர்கள். தேர்வு அறிவிப்பும் முடிவும் உங்கள் தவணைத் தேதியைப் பார்த்து வருவதில்லை.

ஆள்சேர்ப்பு நிறுவனம் சொல்வது அரசுப் பணி நியமனம் அல்ல. திட்டம் அரசுடையதாக இருக்கலாம், சம்பளம் கொடுப்பவர் ஒப்பந்ததாரர். ஒப்பந்தம் முடிந்தாலோ திட்டம் நின்றாலோ மீதித் தவணைகளை யார் கட்டுவது என்று அந்தத் தாளில் எங்காவது எழுதியிருக்கிறதா? ஒன்றரை ஆண்டில் நீங்கள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்பார்களா, மீதிக் காலத்துக்கு மட்டுமா? வாயால் சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். “இந்த பாண்டு எல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது, சும்மா கையெழுத்துப் போடு” என்று நண்பர்கள் சொல்வதையும் கேட்காதீர்கள். 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று விஜயா வங்கி தன் அதிகாரியிடம் எழுதி வாங்கியிருந்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரு பொதுத்துறை வங்கி முறையாக விளம்பரம் செய்து ஆளெடுத்த சூழலில் வந்த தீர்ப்பு அது. எல்லா ஒப்பந்தங்களுக்கும் அப்படியே பொருந்திவிடாது. ஆனால் கையெழுத்துக்கு விலை உண்டு என்பது அதில் தெளிவு.

இனி உங்களைத் திடுக்கிட வைத்த அந்த 4,86,000 ரூபாய்க்கு வருவோம். வங்கிக் கிளையில் பல ஆண்டுகள் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால், இந்தத் தொகையைப் பார்த்துக் கண்கலங்கிய பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். வங்கி ஏமாற்றிவிட்டது என்று நினைத்து அதற்குப் பிறகு கிளைப் பக்கமே வராமல் போனவர்களும் உண்டு. கணக்கு எளிமையானது. படிப்பு 4 ஆண்டு, அதன் பின் 1 ஆண்டு அவகாசம். முதலாண்டு வாங்கிய 90,000 ரூபாய்க்கு 5 ஆண்டுத் தனிவட்டி 45,000, இரண்டாமாண்டுப் பணத்துக்கு 36,000, மூன்றாவதற்கு 27,000, நான்காவதற்கு 18,000. கூட்டினால் 1,26,000. தவறு எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தொழிற்கல்வி மாணவருக்குப் படிப்புக் காலத்துக்கும் அதன் பின் வரும் ஓராண்டு அவகாசத்துக்கும் உரிய வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009 முதல் இருந்து வருகிறது. கல்லூரிக்கு உரிய தர அங்கீகாரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் சேர்ந்தது. பால் வெட்டும் தொழிலாளியின் வருமானம் அந்த வரம்பைத் தாண்டியிருக்க வாய்ப்பில்லை. கடன் வாங்கும்போது வருமானச் சான்றிதழ் கொடுத்தீர்களா, உங்கள் பெயரில் மானியம் கோரப்பட்டதா, கோரவில்லை என்றால் ஏன் என்று எழுத்துமூலம் கேளுங்கள். ஆள்சேர்ப்பு நிறுவனம் காட்டும் ஆசையைவிட இந்தக் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

மானியம் கிடைக்காமலே போனாலும், தவணையைச் சுருக்க வழி இருக்கிறது. இந்தத் தொகையை 7 ஆண்டில் அடைத்தால் மாதம் ஏறத்தாழ 8,070 ரூபாய். 10 ஆண்டில் 6,420. 15 ஆண்டில் 5,220. பதினைந்து ஆண்டு இழுத்தால் மொத்த வட்டி நாலரை லட்சத்தைத் தொடும், ஏழு ஆண்டில் இரண்டு லட்சத்துக்குள் முடிந்துவிடும். இருந்தாலும் உங்கள் இன்றைய சம்பளத்தில் நீண்ட காலத்தையே கேளுங்கள் என்பேன். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது. சம்பளம் உயரும்போது கூடுதலாகக் கட்டிக் காலத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்த தவணையைத் தவறாமல் கட்டுவது உங்கள் அப்பாவுக்காகவும்தான்: அவர் இணைக் கடனாளி, தவணை தவறினால் அவருடைய கடன் வரலாறும் கெடும், மழைக் காலத்தில் பால்வெட்டு நின்றிருக்கும்போது அவர் வேறு கடனுக்குப் போனால் கதவு மூடியிருக்கும். கட்டும் வட்டிக்கு வருமான வரியில் 80இ பிரிவின் கீழ் கழிவு உண்டு என்று யாரேனும் சொன்னால் அதைப் பெரிதாக எண்ண வேண்டாம். அது பழைய வரி முறையில் மட்டுமே. உங்கள் சம்பளத்துக்கு எப்படியும் வரி வரப்போவதில்லை.

அரசு இப்படி ஒரு திட்டம் கொண்டுவரக் கூடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கொண்டுவரலாம். ஒரு பிரிவுப் பொறியாளருக்கு மட்டும் சம்பளத்தை உயர்த்தினால் ஊதிய விகிதம் முழுவதும் குலையும், மற்றப் பிரிவுகள் போர்க்கொடி தூக்கும். கடனை அடைப்பதில் அந்தச் சிக்கல் குறைவு, அடிப்படைச் சம்பளம் மாறாது, ஓய்வூதியச் சுமையும் ஏறாது. ஆனால் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நம் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்கள் வங்கிக் கல்விக்கடனில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன, எத்தனை குடும்பங்கள் அம்மாவின் வளையலை அடகு வைத்தும் சீட்டு எடுத்தும் கட்டணம் கட்டியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கருங்கல்லிலோ குலசேகரத்திலோ நகைக்கடனில் படித்த பெண்ணும் நீங்களும் ஒரே நாளில் பேச்சிப்பாறை அணையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தால், வங்கிச் சீட்டு இருப்பதால் உங்களுக்குப் பணம், இல்லாததால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று ஆகும். ஆள் வரத் தயங்கும் இடத்தில் இத்தனை ஆண்டு பணியாற்றுபவர் எவருக்கும் இவ்வளவு தொகை என்று வைத்துவிட்டு, அதைக் கடனுக்குக் கட்டுவதா நகையை மீட்பதா என்பதை அவர்களிடமே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கடன் வைத்திருப்பவராகிய உங்களுக்கு இது அவ்வளவு பிடிக்காமல் போகலாம்.

கிளைக்கு நேரில் போகும்போது அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள். தவணைக் காலத்தை மாற்ற அவருடைய கையெழுத்தும் கேட்பார்கள். கடன் கணக்கின் முழு விவரப் பட்டியல், உங்கள் சம்பளச் சீட்டு, படித்த காலத்து வருமானச் சான்றிதழின் நகல் ஆகியவை கையில் இருக்கட்டும். கொடுக்கும் மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்ப வேண்டாம். வார நாளில் விடுப்பு எடுக்க முடியாதென்றால் முதல் சனியோ மூன்றாம் சனியோ போங்கள். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி கிடையாது.