சுவரில் மாட்ட ஒரு வரைபடம்

அன்புள்ள ஐயா,

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். ஆபிரகாமின் பயணத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று, பதினாறாம் நூற்றாண்டு வரைபடக்காரர் ஓர்டேலியஸ் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிடச் செய்தது, அசல் தாளே விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கிச் சட்டம் போட்டு வகுப்பில் மாட்ட ஆசை. அந்தக் காலத்து வரைபடங்கள் தப்பும் தவறுமானவை, பிள்ளைகளைக் குழப்பும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

நண்பரின் கவலையை விடுங்கள். 1525-இல் சூரிச்சில் ஃபுரோஷாவர் அச்சிட்ட பழைய ஏற்பாட்டில் வரைபடம் இடவலம் மாறி, மத்தியதரைக் கடல் பாலஸ்தீனத்துக்குக் கிழக்கே போய்விட்டது. வேதாகமத்துக்குள் அச்சான முதல் வரைபடமே அதுதான். பிள்ளைகள் இதையெல்லாம் நம்மைவிட நன்றாகச் சமாளிப்பார்கள்.

என்னைச் சுட்டது வேறு. அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று விற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? 1590-இல் வெளிவந்த அந்த வரைபடம் ஓர்டேலியஸின் அட்லஸில் ஒரு பக்கம். இன்று தனியாகக் கிடைக்கும் இத்தகைய தாள்களில் பெரும்பாலானவை புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்தவை.

வெளிநாட்டில் ஒரு பழம்புத்தகக் கடையில் தோல் அட்டை போட்ட வேதாகமம் ஒன்றைப் பிரித்தேன். வரைபடங்கள் இருந்த இடத்தில் தையலை ஒட்டி விரற்கடை அகலத்துக்குத் தாள் நறுக்குகள் மட்டும் நின்றன. வெட்டு அவ்வளவு நேராக இருந்தது. வரைபடங்கள் எதிர்ச்சுவரில், ஒவ்வொன்றுக்கும் தனி விலைச்சீட்டோடு. “முழுசாக யார் வாங்குகிறார்கள்?” என்றார் கடைக்காரர். எனக்கு வயிறு எரிந்தது. ஏற்கெனவே சிதைந்த புத்தகத்திலிருந்துதான் எடுத்தோம் என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் உதிரியாக விற்றால் கூடுதல் காசு என்று ஆனபின் நல்ல புத்தகத்துக்கும் கத்தி வரும். அந்தக் காசைக் கொடுப்பது உங்களைப் போன்ற நல்லவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர்டேலியஸின் அட்லஸ் தாள்களில் பின்பக்கம் விளக்கவுரை அச்சாகியிருக்கும். அதன் மொழியையும் பக்க எண்ணையும் வைத்துத்தான் எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்கிறார்கள். நீங்கள் சட்டம் போட்டு அந்தப் பக்கத்தைச் சுவருக்குக் காட்டப்போகிறீர்கள்!

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. நடுவில் கானான் தேசம், மூலையில் ‘ஊர்’ என்ற பட்டணத்திலிருந்து சீகேம் வரை ஆபிரகாம் வந்த வழி, சுற்றிலும் அவர் வாழ்க்கையைச் சொல்லும் 22 வட்டச் சித்திரங்கள். வரைபடக்காரரின் பெயரும் ஆபிரகாம்தான். பிள்ளைகள் முன் வைக்க இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், அசல் வேண்டாம். ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் தேசிய நூலகம் போன்றவை பழைய வரைபடங்களைத் துல்லியமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கின்றன. இறக்கி, பெரிதாக அச்சடித்து, கண்ணாடி இல்லாமல் ஒட்டுங்கள். அசல் என்றால் “தொடாதே” என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். இதில் பிள்ளைகள் விரல் வைத்துச் சீகேம் வரை போகலாம். கிழிந்தால் இன்னொன்று அச்சடிக்கலாம்.

இல்லை, அசல்தான் வேண்டும் என்றால், எந்தப் புத்தகத்திலிருந்து, எப்போது பிரித்தது என்று விற்பவரிடம் எழுதிக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் பணத்தை எடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.