கல்யாணத்துக்கு முன் வாங்கிய ஃபிளாட்: பத்திரத்தில் கணவர் பெயரைச் சேர்க்கலாமா?

கேள்வி: 2016-ல் மேடவாக்கத்தில் 48 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கினேன். கையிலிருந்து 12 லட்சம் (பாதி அம்மாவின் நகையை விற்றது), மீதி வீட்டுக்கடன். இரண்டு வருடம் முன் திருமணம். அன்றிலிருந்து இ.எம்.ஐ.யில் பாதியைக் கணவர் தருகிறார். இப்போது அவர் பெயரையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்தால்தான் கொழுந்தனாரின் ஹார்டுவேர் கடைக்கு 15 லட்சம் டாப்-அப் (இருக்கும் வீட்டுக்கடன் மேல் கூடுதல் கடன்) கிடைக்குமாம். மறுத்தால் மனஸ்தாபம் வருமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: கணவர் பெயரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்குக் கவலை அந்த டாப்-அப் மேல்தான். முதலில் ஒன்று: கணவரின் சம்பளத்தையும் கணக்கில் எடுக்க அவர் கோ-அப்ளிகண்டாக, அதாவது கடனுக்கு உங்களோடு சேர்ந்து விண்ணப்பிப்பவராக இருந்தால் போதும், பத்திரத்தில் பெயர் இருக்கவேண்டியதில்லை. உரிமையாளராக இருப்பவர்கள் எல்லோரும் கடனில் கையெழுத்துப் போடவேண்டும் என்று வங்கிகள் கேட்கும். அதை யாரோ தலைகீழாகப் புரிந்துகொண்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இனி கணக்கு, எல்லாம் தோராயம்தான். ஃபிளாட் இன்று 80 லட்சம் போகும், கடன் பாக்கி 27 லட்சம் என்று வையுங்கள். உங்கள் கையில் 53 லட்சம். டாப்-அப் எடுத்தால் கடன் 42 ஆகும், மிச்சம் 38. அதில் பாதியை எழுதிக்கொடுத்தால் உங்களுக்கு 19 லட்சம். ஆனால் கடை ஓடவில்லை என்றால் 42 லட்சத்துக்கும் வங்கி உங்களைத்தான் முதலில் கூப்பிடும். இ.எம்.ஐ.யும் 31,000-லிருந்து 49,000-த்துக்குப் போய்விடும்.

இதற்குக் கணவர் இதுவரை போட்டது? மாதம் சுமார் 15,600, இரண்டு வருடத்தில் 3.75 லட்சம். 80 லட்சத்தில் நூற்றுக்கு ஐந்துகூட வராது. மனசாரக் கொடுக்க நினைத்தால் அந்த அளவு பங்கை, சதவீதம் போட்டு, வங்கியின் சம்மதத்தோடு எழுதுங்கள். 'பெயரைச் சேர்த்தாச்சு' என்று பங்கைக் குறிப்பிடாமல் விட்டால் நாளைக்குச் சரிபாதி என்று வாதம் வரும். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் (விலை வாங்காமல் பங்கை எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுத தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக்கட்டணம் 10,000, அவ்வளவுதான். மலிவாக இருப்பதால்தான் பலரும் யோசிக்காமல் போடுகிறார்கள். பதிந்தபின் உங்கள் இஷ்டத்துக்கு ரத்து செய்யமுடியாது. விவாகரத்தில் சொத்தைத் தானாகப் பாதியாகப் பிரிக்கும் சட்டம் நம் ஊரில் இல்லை, பத்திரத்தில் யார் பெயர் என்பதுதான் முதல் கேள்வி.

'இரண்டு பெயர் இருந்தால் இரட்டை வரிச்சலுகை' என்று ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். வருமான வரியில் நீங்கள் புதிய வரிமுறையில் இருந்தால் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது, இரட்டிக்க என்ன இருக்கிறது?

நீங்கள் உடனே நிறுத்தவேண்டியது அந்தப் பாதி இ.எம்.ஐ. முழுத் தவணையும் உங்கள் சம்பளக் கணக்கிலிருந்தே போகட்டும், மளிகை, கரண்ட் பில், மெயின்டனன்ஸை அவர் பார்க்கட்டும். செலவு அதேதான், ஆனால் வீட்டுக்குப் பணம் போட்டேன் என்ற பேச்சு வளராது. அப்புறம் ஒரு உயில் எழுதுங்கள். நீங்கள் இந்து என்றால், உயில் இல்லாமல் போனால் சொந்தமாகச் சம்பாதித்த சொத்து கணவருக்கும் பிள்ளைகளுக்கும்தான் போகும். நகையை விற்றுக் கொடுத்த அம்மாவுக்கு ஒன்றும் வராது. கணவருக்கும் ஒரு பங்கு எழுதலாம், முத்திரைத்தீர்வை இல்லை, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

கொழுந்தனாருக்கு உதவத்தான் வேண்டுமென்றால், திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய ஒரு தொகையை உங்கள் கணவர் தன் சேமிப்பிலிருந்து கொடுக்கட்டும். டாப்-அப் ஃபார்மில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. போட்டிருந்தால், பணம் கணக்குக்கு வரும் முன்னால் கிளைக்கு மின்னஞ்சலில் எழுதி நிறுத்துங்கள், போனில் சொல்லிவிட்டு விடவேண்டாம்.