தமிழ்ப் பள்ளியின் பட்டியல் வெளியே போய்விட்டது: யார் பொறுப்பு?

கேள்வி: டர்பன் சாட்ஸ்வொர்த்தில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். மாணவர் சேர்க்கைக்குக் கூகுள் படிவம் வைத்தோம். முகவரி, பெற்றோரின் அடையாள எண், பிள்ளையின் நோய் விவரம் எல்லாம் வாங்கினோம். பதில்கள் சேரும் கூகுள் ஷீட்டின் லிங்க் தவறுதலாக வாட்ஸ்அப் குழுவுக்குப் போய், அங்கிருந்து வெளியிலும் பரவிவிட்டது. இப்போது கடன் தருவதாகப் பெற்றோருக்கு அழைப்புகள் வருகின்றன. சம்பளமில்லாத் தொண்டுக்கும் சட்டம் உண்டா? கூகுள்தானே பொறுப்பு?

பதில்: தொண்டுக்கும் சட்டம் உண்டு, ஐயா. எந்த விவரத்தை எதற்காகக் கேட்பது என்று முடிவு செய்தது பள்ளியை நடத்தும் உங்கள் சங்கம். ஆகவே 'போப்பியா' என்று நாம் சொல்லும் தென்னாப்பிரிக்காவின் 2013-ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சங்கத்தைத்தான் கேட்கும். லிங்க்கை அனுப்பியதும் உங்கள் பக்கம்தான். இதில் கூகுளை இழுக்க வழியில்லை. வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்புப் பட்டியல் எழுதுபவருக்கு விலக்கு உண்டு, பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது.

இன்றே ஷீட்டின் பகிர்வை மூடுங்கள். பதற்றத்தில் ஷீட்டையே அழித்துவிடாதீர்கள். யார் யாருடைய விவரம் போனது என்பதற்கு அதுதான் சான்று. இறக்கி வைத்திருப்பவர்களை அழிக்கச் சொல்லுங்கள்; எல்லாரும் அழிப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அடுத்து, 22-ஆம் பிரிவின்படி தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் பெற்றோருக்கும் அறிவிக்க வேண்டும். ஐரோப்பாவில் உள்ள 72 மணி நேரக் கெடு இங்கே இல்லை. நியாயமாக இயன்ற அளவு விரைவில் என்கிறது சட்டம். அதற்காகக் கமிட்டி கூடும்வரை காத்திருக்காதீர்கள். குழுவில் 'மன்னிக்கவும்' என்று ஒரு வரி போட்டால் போதாது. ஒவ்வொரு பெற்றோருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்: என்ன வெளியே போனது, அதனால் என்ன நேரலாம், நீங்கள் என்ன செய்தீர்கள், அவர்கள் என்ன செய்ய வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம் முக்கியம். நம் 13 இலக்க அடையாள எண்ணின் முதல் ஆறும் பிறந்த தேதி; அடுத்த நான்கில் ஆணா பெண்ணா என்பது தெரிந்துவிடும். முகவரியும் கையில் இருந்தால் அடுத்தவர் பெயரில் கடன் கேட்க முயல்வது எளிது. தென்பகுதி ஆப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு (தங்கள் பெயரில் வேறு யாரும் கடன் கேட்டால் எச்சரிக்கையாக இருக்கும்படி கடன் தருவோருக்குச் சொல்லும் பதிவு) செய்துகொள்ளும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள்.

அபராதம் 10 மில்லியன் ராண்ட் வரை போகலாம் என்பது உண்மை. ஆனால் 2023-இல் அரசின் நீதி நிர்வாகத் துறைக்கே 5 மில்லியன் விதித்தபோது, 2021-இல் நடந்த கசிவுக்குப் பின் ஆணையம் இட்ட உத்தரவை அத்துறை நிறைவேற்றாததுதான் காரணம். ஆணையத்திடமிருந்து உங்களுக்கு வரும் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்காதீர்கள். நான் அதிகம் கவலைப்படுவது 99-ஆம் பிரிவைப் பற்றித்தான்: பெற்றோர் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டால், 'வேண்டுமென்று செய்யவில்லை, கவனக்குறைவும் இல்லை' என்ற பதில் அங்கே செல்லாது.

புதிய படிவத்தில் அடையாள எண் கேட்கும் வரியை எடுத்துவிடுங்கள். தமிழ் எழுத்துக் கற்றுத்தர அது எதற்கு? நோய் விவரம் தேவைப்பட்டால், பெற்றோரின் சம்மதத்தோடு ஆசிரியர் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். சங்கத் தலைவர்தான் சட்டப்படி உங்கள் தகவல் அதிகாரி. அவர் பெயர் இதுவரை ஆணையத்தில் பதிவாகவில்லை என்றால், அறிவிப்பை அனுப்பும்போதே அதையும் முடித்துவிடுங்கள்.