ஒட்டுப்போர்வைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் வீட்டுக்கு அமெரிக்கா வந்த இடத்தில் ஒரு அருங்காட்சியகத்தில், துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பழைய ஒட்டுப்போர்வைகளைப் பார்த்தேன். முதலில் குடியேறியவர்கள் கிழிந்த உடுப்பைக்கூட வீணாக்காமல் இப்படித் தைத்துப் போர்த்திக்கொண்டார்கள் என்றார் மருமகன். என் அம்மாவும் பழைய சேலைகளை இப்படித்தான் தைப்பார். ஏழைகளின் கைவேலை எல்லா ஊரிலும் ஒன்றுதானே?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அம்மா விஷயம் சரி. மருமகன் சொன்ன கதையை அமெரிக்கர்களே ரொம்ப காலம் நம்பியிருந்தார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் அங்கே துணியை அடுக்கித் தைத்த போர்வை இருந்தது பெரும்பாலும் வசதியான வீடுகளில்தான், மற்றவர்களுக்குக் கம்பளி. துணிக்கு அவ்வளவு விலை. அப்பாவின் சட்டை கிழிந்தால் அதை வெட்டிப் பிள்ளைக்குத் தைப்பார்கள், போர்வைக்கு மிச்சம் எங்கிருந்து வரும்?

பணக்காரர்கள் செய்ததுதான் வேடிக்கை. நம் சோழமண்டலக் கரையில் சாயம் தீட்டிய சீட்டித்துணி லண்டன் வழியாக அங்கே போனது (பாட்டிகள் சீட்டிப்பாவாடை என்பார்களே, அந்தச் சீட்டிதான்). அதிலிருந்த பூவையும் பறவையையும் கத்தரித்தெடுத்து, வெள்ளைத்துணியில் தள்ளித்தள்ளி வைத்து ஓரம் தைத்தார்கள். கொஞ்சம் சீட்டி இருந்தால் கட்டில் முழுக்கப் பூ.

துண்டு துண்டாகச் சேர்க்கும் போர்வை பெருகியது அப்புறம்தான். 1793இல் பருத்திக்கொட்டை பிரிக்கும் எந்திரம் வந்தது, 1820களில் மாசசூசெட்ஸின் லோவெலில் ஆலைகள் எழுந்தன, அச்சுத்துணி மலிந்தது. அந்த ஆலைகளுக்குப் பருத்தி எடுத்தவர்கள் தெற்கின் அடிமைகள். சிக்கனக் கதையில் இது மட்டும் எப்படியோ விடுபட்டுவிடுகிறது.

அப்படி அடிமையாக இருந்த ஒருவர் தைத்த போர்வையும் உண்டு. ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். பைபிள் கதைகளை 11 கட்டங்களில் துணியுருவங்களாக வெட்டித் தைத்த ஒரு போர்வையை 1886இல் அந்த மாநிலத்து ஏதென்ஸ் நகரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் வைத்தார். ஓவிய ஆசிரியை ஒருவர் விலைக்குக் கேட்டார், தரவில்லை. சில வருஷம் கழித்துப் பவர்ஸ் கையில் காசில்லாமல் போனபோது 10 டாலர் சொல்லி, கடைசியில் அந்த ஆசிரியைக்கே 5 டாலருக்குக் கொடுத்தார். பிறகு அதைப் பார்ப்பதற்கென்றே அந்த ஆசிரியை வீட்டுக்குப் பலமுறை போயிருக்கிறார்.

இப்போது அது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஊர் திரும்புவதற்குள் முடிந்தால், காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.