வரியில்லா ஒப்பந்தம் இருக்கும்போது பாரிஸில் ஏன் 12 சதவீதம்?

தம்பிக்கு வணக்கம். மனைவி தாதி வேலைக்கு வந்தபோது துணைவர் விசாவில் நீங்களும் லண்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது. திருப்பூரில் மாமாவின் கம்பெனியிலிருந்து டி-சர்ட் இறக்கி, பாரிஸ் லா சப்பலில் உள்ள எங்கள் ஆட்களின் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். முதல் இருபது பெட்டிக்கே பிரான்ஸ் சுங்கம் 12 சதவீத வரி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். "பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறதே அண்ணா, இடையில் யாராவது ஏமாற்றுகிறார்களா?" என்பது உங்கள் கேள்வி.

யாரும் ஏமாற்றவில்லை. அந்த வரி சரியான வரிதான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1998இல் இங்கே வந்தவன். ஹீத்ரோவுக்குப் பக்கத்தில் சரக்கு கிளியரிங் அலுவலகம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் சுங்கப் பத்திரம் நிரப்பியே பிழைக்கிறேன். உங்களுக்கு வந்த அதே கடிதத்தை வேறு பெயர்களில் நிறையப் பார்த்துவிட்டேன்.

விஷயம் இதுதான். ஒப்பந்தம் தரும் வரிவிலக்கு பிரித்தானியாவில் *செய்த* பொருளுக்கு. பிரித்தானியாவிலிருந்து *வருகிற* பொருளுக்கு அல்ல. உங்கள் டி-சர்ட் திருப்பூரில் பின்னி, வெட்டி, தைத்தது. அது லண்டன் கிடங்கில் ஆறு மாதம் கிடந்தாலும் இந்தியச் சட்டைதான். இங்கே வைத்து இஸ்திரி போட்டு, புது லேபிள் ஒட்டி, பெட்டி மாற்றி அனுப்பலாமா என்று அடுத்து நினைப்பீர்கள். பலர் நினைத்தார்கள். இஸ்திரி போடுவதும் லேபிள் ஒட்டுவதும் பொதி கட்டுவதும் போதாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த விதிக்குத்தான் எங்கள் தொழிலில் 'ரூல்ஸ் ஆஃப் ஒரிஜின்' என்று பெயர். ஆகவே உங்கள் பெட்டிக்கு இங்கே இறங்கும்போது ஒரு வரி, பிரான்ஸுக்குள் போகும்போது இன்னொரு வரி. ஒன்றியத்தில் பெரும்பாலான ஆடைகளுக்கு அது 12 சதவீதம். அதற்கு மேல் பிரான்ஸின் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20 சதவீதம் தனி.

2020 முடியும்வரை இப்படி இல்லை. இங்கே ஃபீலிக்ஸ்டோ துறைமுகத்தில் ஒரு தடவை வரி கட்டிவிட்டால் அந்தச் சாமான் பாரிஸுக்கும் பெர்லினுக்கும் ஒரு சுங்கத் தாளும் இல்லாமல் போகும். லண்டனிலிருந்து புடவையும் மசாலாவும் வாரம் இரண்டு தடவை வேன் வண்டியில் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, அதே இரவு திரும்பி வந்த ஆட்கள் எனக்குத் தெரிந்தே இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் 2021 கோடைக்குள் அந்த ஓட்டத்தையே விட்டுவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. அவர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

ஏன் இப்படி ஓர் ஒப்பந்தம் வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்னார்கள். 2017 மார்ச் 29இல் பிரதமர் தெரேசா மேயின் அரசு, ஒன்றிய உடன்படிக்கையின் 50ஆம் பிரிவின்படி வெளியேறும் கடிதம் கொடுத்தது. அந்தப் பிரிவின்படி இரண்டே வருடத்தில் வெளியே போயாக வேண்டும். நீடிக்க வேண்டுமென்றால் மற்ற எல்லா நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடிதம் கொடுத்த நாளே நேரம் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்விட்டது. வணிகத்தைப் பிறகு பேசலாம், முதலில் குடிமக்கள் உரிமை, கொடுக்க வேண்டிய பணம், அயர்லாந்து எல்லை என்று ஒன்றியம் வரிசை போட்டது. லண்டன் முதலில் முறைத்தது, பேச்சு தொடங்கிய நாளிலேயே ஒத்துக்கொண்டது.

இன்னொரு பக்கம், இந்த நாடே தனக்குக் கோடு போட்டுக்கொண்டது: ஒற்றைச் சந்தை (எல்லா நாட்டுக்கும் ஒரே விதியுள்ள பொதுச் சந்தை) வேண்டாம், சுங்க ஒன்றியம் (உள்ளே வரியில்லை, வெளிச் சாமானுக்கு எல்லா நாட்டிலும் ஒரே வரி) வேண்டாம், ஐரோப்பிய நீதிமன்றம் வேண்டாம். 2017 டிசம்பரில் ஒன்றியத்தின் தரப்பில் பேச்சுவார்த்தை நடத்திய மிஷேல் பார்னியே ஒரு படிக்கட்டுப் படம் காட்டினார். நார்வே, சுவிட்சர்லாந்து, உக்ரைன், துருக்கி என ஒவ்வொரு படியாக இறங்கி, லண்டன் போட்ட கோடுகளுக்கு மிச்சம் கனடா, தென்கொரியா மாதிரி சாதாரண வணிக ஒப்பந்தம்தான் என்று காட்டிய படம் அது. அன்றைக்கே எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குச் சுங்கத் தாள் வரப்போவது தெரிந்துவிட்டது. சுங்க ஒன்றியத்தை விட்டால் 'எங்கே செய்தது' என்ற கேள்வி தானாக வந்துவிடும். பேச்சுவார்த்தைக்கு எவ்வளவு கெட்டிக்காரரை அனுப்பினாலும் அதைத் தவிர்க்க முடியாது.

2020 ஜனவரி 31இல் வெளியேறியபின் வணிகப் பேச்சுக்குக் கிடைத்தது பதினொரு மாதம். நடுவில் கொரோனா. பழைய விதிகளே தொடர்ந்த அந்த இடைக்காலத்தை நீடிக்க ஜூன் கடைசிவரை வாய்ப்பு இருந்தது; அரசு கேட்கவில்லை. பிரித்தானியா தரப்பில் பேசிய டேவிட் ஃப்ரொஸ்டும் பார்னியேவும் கடைசிவரை இழுபறிப்பட்டது மீன்பிடியில். பொருளாதாரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத தொழில் அது. எண்பது பங்கு கணக்கில் இருக்கும் சேவைத் துறைக்கோ ஒப்பந்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கிடைத்தது. மீனவர்களைக் குறைவாகச் சொல்லவில்லை, நானும் கடலோர ஊர்க்காரன்தான். ஆனால் நேரம் இல்லாதபோது எது சத்தமாகக் கேட்கிறதோ அதுதான் மேசைக்கு வருகிறது. சின்ன வியாபாரியின் குரல் அங்கே கேட்கவில்லை என்பதுதான் என் கோபம்.

டிசம்பர் 24இல் ஒப்பந்தப் பேச்சு முடிந்தது. ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். 30ஆம் திகதி ஒரே நாளில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது, ஜனவரி 1 அமல். நத்தார் விடுமுறையில் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து நான் அதை வாசித்தேன். ஐரோப்பியப் பக்கம் முதல் நாளிலிருந்தே முழுச் சோதனை. முதல் கிழமையே பலருடைய சாமான் சேர்த்து ஏற்றிய லொறி ஒன்று பிரான்ஸின் கலே துறைமுகத்தில் மூன்று நாள் நின்றது. ஒரேயொருவரின் பொதியில் சரக்குக் குறியீடு (எந்த வகைச் சாமான் என்று காட்டும் எண்) பிழை; மற்றப் பதினொரு பேரும் காத்திருந்தார்கள். அந்தப் பதினொரு பேருக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னவன் நான்தான்.

இந்தியா - பிரித்தானியா வணிக ஒப்பந்தம் வந்துவிட்டதே, அது உதவாதா என்றும் கேட்டீர்கள். 2022 ஜனவரியில் பேச்சு தொடங்கி, அந்த வருடத் தீபாவளிக்குள் முடிப்போம் என்றார்கள். தீபாவளி போனது, ஒருவருக்கும் ஒன்றும் இடியவில்லை. 2025 மே 6இல் முடித்து, ஜூலை 24இல் கையெழுத்திட்டார்கள். கெடு தாண்டினால் பழையபடியே இருக்கலாம் என்னும்போது இரண்டு பக்கமும் நிதானமாகப் பேசலாம். அதில் திருப்பூருக்குப் பெரிய நன்மை இருக்கிறது. வங்காளதேச ஆடை வரியில்லாமல் இங்கே இறங்க, இந்திய ஆடை வரி கட்டி இறங்கி வந்தது. அந்தக் குறை தீருகிறது. ஆனால் அது இந்தியா - பிரித்தானியா வழிக்கு மட்டும். பாரிஸ் சுங்கத்துக்கு அதைக் காட்டிப் பயனில்லை. கையெழுத்தான நாளும் அமலாகும் நாளும் ஒன்றல்ல என்பதையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவோடு 2021 டிசம்பரில் கையெழுத்தானது, 2023 மே 31இல்தான் அமலுக்கு வந்தது.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது. பாரிஸுக்கென்றே எடுக்கும் சட்டைகளை லண்டனுக்குக் கொண்டுவராதீர்கள். தூத்துக்குடியிலிருந்து நேரே ஒன்றியத்துக்குள் இருக்கும் லா ஹாவ்ரு, ரொட்டர்டாம் மாதிரித் துறைமுகத்துக்குப் போகட்டும், வரி ஒரு தடவைதான் வரும். அளவு சின்னது, லண்டனில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்றால், சுங்கக் காவலில் உள்ள பொண்டட் கிடங்கில் இறக்குங்கள். அங்கிருந்து வெளிநாடு போகும் பெட்டிக்கு இங்கே வரி கட்டத் தேவையில்லை. கிடங்கு வாடகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இருபது பெட்டிக்குக் கட்டாது, இருநூறு என்றால் கட்டலாம். அப்புறம், பிரான்ஸில் இறக்குமதியாளர் நீங்களா கடைக்காரரா என்பதை விலை பேசும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். லா சப்பல் அண்ணன்மார் வாய்ப்பேச்சில் நல்லவர்கள்தான், ஆனால் வரிக் கடிதம் யார் பெயருக்கு வருகிறதோ அவர்தான் கட்ட வேண்டும்.

துணைவர் விசாவில் சொந்தத் தொழில் செய்யலாம், அதில் பயமில்லை. கூட்டாளியாகச் சேர்க்க நினைக்கும் நண்பர் மாணவர் விசாவில் இருந்தால் சேர்க்காதீர்கள், அவருக்கு அது அனுமதியில்லை. உறவினரைப் பார்க்க பாரிஸ் போகும்போது பையில் நெய்யும் இறைச்சிக்கறியும் வேண்டாம். இங்கேயிருந்து அவற்றை ஒன்றியத்துக்குள் கொண்டுபோக இப்போது விடமாட்டார்கள்.

கட்டிய 12 சதவீதத்தைத் திரும்பப் பெற வழியில்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிரான்ஸ் சுங்கம் எந்தக் குறியீட்டில் போட்டது, எந்த விலைக்கு வரி கணித்தது என்று பாருங்கள். அங்கே பிழை இருந்தால் கேட்கலாம். அந்தத் தாளையும் மாமா கொடுத்த இன்வாய்ஸையும் அனுப்பிவையுங்கள், இந்தச் சனிக்கிழமை எனக்கு ஓய்வு, இருந்து பார்த்துச் சொல்கிறேன்.